கொட்டாவி விட்டால் அவுட்!

'எஸ்ஸன்' என்றால் ஜெர்மன் பாஷையில் சாப்பாடு! ஊர் பேரைக் கேட்டு ஆசையோடு போய் இறங்கினால், அது நிலக்கரியும் இரும்பும் தின்று வளர்ந்த ஊர். கடைசிச் சுரங்கத்தை 1986-ல் மூடிவிட்டார்கள். இப்போது அக்டோபர் வந்தால் ஊரே விளையாடுகிறது!

'ஷ்பீல்' என்று 1983-ல் ஆரம்பித்த கண்காட்சி. ஷ்பீல் என்றால் விளையாட்டு. நாலே நாளில் சுமார் ரெண்டு லட்சம் பேர்! வேடிக்கை பார்க்க அல்ல... உட்கார்ந்து ஆட. கல்யாணப் பந்தி மாதிரி நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கிறார்கள்.

என் தோள்பையில் நானே கண்டுபிடித்த 'மளிகைக்கடை' ஆட்டம். மூணு வருஷ உழைப்பு. படித்தது பி.காம். ஆயிற்றே... கொள்முதல், கடன், தேய்மானம் எல்லாம் உண்டு. விதிகள் மட்டும் 14 பக்கம்! மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு பதிப்பாளர் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்.

ராத்திரி, தங்கியிருந்த நண்பன் வீட்டில் ஒத்திகை. அவனுடைய ஒன்பது வயசு மகள் அரைமணியில் கொட்டாவி விட்டாள். "மாமா, இது விளையாட்டா, ஹோம்வொர்க்கா?"

நண்பன் பேசாமல் 'கட்டான்' பெட்டியைப் பிரித்தான். "டேய், இதைச் செஞ்ச க்ளாஸ் டாய்பர் செயற்கைப் பல் செய்யுற லேப் வெச்சிருந்தவர். பெண்டாட்டி பிள்ளைங்களை உட்கார வெச்சு ஆடிப் பார்த்தே மாத்தி மாத்தி செஞ்சார். 1995-ல வெளிவந்து, 4 கோடிக்கு மேல வித்தாச்சு!"

ஆடினோம். 19 அறுகோணத் துண்டுகள்தான் தீவு. பகடையை யார் உருட்டினாலும், அந்த எண்ணுள்ள துண்டின் ஓரத்தில் வீடு கட்டிய எல்லோருக்கும் சரக்கு வருகிறது. மரம் கொடுத்துச் செங்கல் வாங்கப் பேரம் வேறு! அடுத்தவர் முறையிலும் கண் மூட முடியாது. என் ஆட்டத்திலோ ஒருத்தர் கணக்கு எழுத, மற்ற மூணு பேர் மோட்டுவளையைப் பார்க்க வேண்டும்!

கத்திரிக்கோல் எடுத்தேன். தேய்மானத்தை வெட்டும்போது மனசே தேய்ந்தது. விடியும்போது விதிகள் மூணு பக்கம். காலையில் ஒரு ஆட்டம் முடித்ததும் குட்டி கேட்டாள்: "இன்னொண்ணு ஆடலாமா மாமா?"

பதினோரு மணிக்குப் பதிப்பாளர் ஆடிப் பார்த்தார். "இன்னும் நீளம். குறைத்துவிட்டு அடுத்த வருஷம் கொண்டு வாங்க" என்று பையிலேயே திருப்பிப் போட்டுக் கொடுத்தார்.

பரவாயில்லை. ஆடி முடிக்கும் வரை அவர் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்... மனுஷர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை!