ரசீது எண் 118 எங்கே போச்சு?

பி.காம் படித்த வங்கிக்காரனுக்கு டேட்டாபேஸ் மேனுவலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மாற்றல் உத்தரவு என்னைக் கொண்டுவந்து போட்ட ஊர் திருவனந்தபுரம். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மேன் வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்த ஊர். கேரள மின்வாரியம் தன் ஆட்களை வைத்தே எழுதிய 'ஒருமா' பில்லிங் மென்பொருளுக்கு அடியில் போட்டதும் போஸ்ட்கிரெஸ்தான். இங்கே டீக்கடையில்கூட லினக்ஸ் பேச ஆள் கிடைக்கும் :-)

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ரசீது போடும் புரோகிராமையும் டெக்னோபார்க் தம்பி ஒருவர் போஸ்ட்கிரெஸில்தான் எழுதிக் கொடுத்தார், காசு வாங்காமல். வருடக் கணக்கு பார்க்கும்போது 117க்கு அடுத்து 119 நிற்கிறது. 164க்கு அடுத்து 166. வீடு வீடாகப் போய் சந்தா வாங்கிவருபவர் நாகர்கோவில் அண்ணாச்சி, வயது அறுபதுக்கு மேல். அவரிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. "ரெண்டு ரசீது எங்க போச்சுன்னு தெரியலையே" என்று கமிட்டியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணாச்சி தன் கைநோட்டை மேசையில் வைத்து, "எண்ணிக்கோங்க" என்றார். கை நடுங்கியது.

எங்கள் தொழிலில் வவுச்சர் எண்ணில் ஓட்டை விழுந்தால், யாரோ கிழித்திருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்போம். கூட்டிப் பார்த்தேன். கைநோட்டு, ரசீதுத் தொகை, வங்கிக் கணக்கு மூன்றும் பைசா பிசகாமல் ஒத்துப்போயின. அப்படியானால் எண் மட்டும் எங்கே?

தம்பி மேனுவலைத் திறந்து காட்டினார். வங்கி டோக்கன் மாதிரிதானாம். டோக்கன் எடுத்தவர் வரிசையில் நிற்காமல் போய்விட்டால் அந்த எண்ணை அடுத்தவருக்குத் தருவதில்லை அல்லவா? அதேபோல, ஒரே காசோலை எண்ணைத் தவறுதலாக இரண்டாவது முறை அடித்தால் பதிவு ரத்தாகும், எடுத்த எண் திரும்ப வராது. திரும்பத் தருவதென்றால் முதல் ஆள் முடிக்கும் வரை மற்ற கவுண்டர் எல்லாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டால் முப்பது எண்கள்கூட மொத்தமாகத் தாண்டிப் போகலாம்.

எனக்குப் பிடித்தது இதுதான். பழைய மேனுவல்களில் இந்த எச்சரிக்கை 'சீக்வென்ஸ்' சார்புகளைச் சொல்லும் பக்கத்தில் மட்டும் இருந்தது. ரசீது அட்டவணை போடுகிறவன் படிப்பது 'சீரியல்' என்ற தரவு வகையின் பக்கம். அங்கே மூச்சே கிடையாது. பிற்பாடு அங்கேயும் ஒரு சிறு குறிப்பு சேர்த்தார்கள்: எந்த வரியையும் யாரும் அழிக்காமலேயே எண்களில் இடைவெளி வரலாம் என்று. "யாரும் அழிக்காமலேயே" என்ற அந்தத் துண்டு ஆடிட்டருக்காகவே எழுதியது போல இருக்கிறது! அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மூன்று கூட்டல்களோடு சேர்த்துக் கமிட்டியில் வைத்தேன். முணுமுணுப்பு நின்றது. அண்ணாச்சி மட்டும் அந்த மாதம் வசூலுக்குப் போகவில்லை.

இப்போது ரசீது எண்ணுக்குத் தனியாக ஓர் அட்டவணை. பதிவு ஏறினால்தான் எண்ணும் ஏறும். ஒருவர் பதியும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். எங்கள் நாற்பது வீட்டுக்கு அது போதும், வங்கிக் கிளைகளுக்குக் கட்டாது.

போஸ்ட்கிரெஸில் மேனுவலும் நிரலும் ஒரே மூலத் தொகுப்பில்தான் இருக்கின்றன. மேனுவலில் ஒரு வரி மாற்றவும் நிரல் மாற்றத்துக்கு இருக்கும் அதே வழிதான். நிரல் எழுதத் தெரியாத நம்மைப் போன்றவர்களும் 'இந்த இடத்தில் இது புரியவில்லை' என்று எழுதி அனுப்பலாம். 2007ல் நம்மவர் ஒருவர் அதன் சில கருவிகளின் செய்திகளைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்த இடைவெளிக் குறிப்பை நானும் தமிழில் நாலு வரியாக எழுதி, சங்கத்தின் ரசீதுக் கோப்பில் முதல் பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன். மலையாளத்தில் எழுதித் தருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.