பம்பரின் பழைய பெயின்ட்

கார் பம்பருக்கும் குடும்பச் சஞ்சிகைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகச் சகோதரிகள் கேட்கக்கூடும். இன்று எத்தனையோ தாய்மார் தாங்களே காரோட்டிப் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களும் கிடைத்த பழைய காரையே வாங்கிப் பூசி மெழுகி ஓட்டிய குடும்பங்கள் ஏராளம்.

என் தங்கை 2021இல் வாங்கிய காரும் அப்படிப்பட்டதுதான். விலையோ கொள்ளை விலை. விற்றவர் “ஒரு கீறலும் இல்லாத வண்டி” என்றார். பின்னர் மச்சான் மவ்த்தாகிவிட்டார். மூத்த மகளின் படிப்புச் செலவுக்காக, தன் பெயரில் இருந்த அந்தக் காரை விற்பதென்று தங்கை முடிவு செய்தாள். முன் பம்பரில் பெயின்ட் வெங்காயத் தோல் போல உரிந்து கிடந்தது. கராஜில் கேட்ட தொகையைக் கேட்டதும், “நானா, இதை வீட்டிலேயே செய்ய ஏலாதா?” என்றாள். பக்கத்துத் தெரு டிங்கரிங் பாஸ் வந்து பம்பரைக் கழற்றி, முறையையும் சொல்லித் தந்தார். பாடசாலை விடுமுறை நாளொன்றில் தங்கையும் அவள் மகனும் நானுமாக முற்றத்தில் உட்கார்ந்தோம்.

பம்பர் இரும்பல்ல. அதன் உட்புறத்தில் ஆங்கிலத்தில் ‘பீ.பீ.’ என்று பொறித்திருந்தது. பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் அது. நம் சமையலறையில் கிடக்கும் சாப்பாட்டு டப்பாக்களில் பலவும் இதே இனம்தான். சாதாரணப் பசை கூட அதில் இலகுவில் ஒட்டாது. பிறகு பெயின்ட் எப்படி நிலைத்து நிற்கும்?

இரும்புக்குப் பூசும் பெயின்ட் அகற்றும் திரவத்தைக் கடைக்காரர் நீட்டினார். பாஸ் வேண்டாம் என்று முன்னரே எச்சரித்திருந்தார். அது சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிக் கெடுத்துவிடும். அத்தோடு அவ்வகைத் திரவங்கள் சிலவற்றில் மெத்திலீன் குளோரைட் என்ற இரசாயனம் உண்டு. பூட்டிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் பொதுமக்களுக்கு அதைப் பெயின்ட் அகற்றக் கொடுப்பதற்கே தடை விதித்தார்கள். சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்கு அது ஏன்?

நாங்கள் செய்தது பொறுமை வேண்டிய வேலை. முதலில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் நன்றாகத் தேய்த்து மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்கினோம். உரிந்த இடங்களைத் தங்கையின் முடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் அகப்பையின் விளிம்பால் மெல்லச் சுரண்டினோம். சூடு கூடினால் பம்பரே வளைந்துவிடும். பிறகு 180ஆம் இலக்க அரத்தாள், அடுத்து 320, கடைசியில் 600 என்று படிப்படியாக. கடைசி இரண்டையும் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்தே தேய்த்தோம். தூசு பறக்காது, பிளாஸ்டிக்கும் நார் நாராகக் கிளம்பாது. உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்டை முழுதாக அகற்றத் தேவையில்லை. விரலால் தடவும்போது விளிம்பு தட்டுப்படாமல் சரிந்திருந்தால் போதும். இந்த விரல் சோதனையில் தங்கைதான் கெட்டிக்காரி. ரொட்டி மாவின் பதம் பார்த்த கை அல்லவா!

ளுஹருக்குப் பாங்கு சொன்னது. மருதோன்றியின் வெறும் நிறம் வுழூவைத் தடுக்காது. ஆனால் படலமாகப் படிந்த பெயின்டும் நகப்பூச்சும் தண்ணீரைத் தோலில் படவிடா, அகற்றியே தீர வேண்டும். மருமகன் தின்னர் போத்தலைத் தூக்கினான். தங்கை அதைப் பறித்து வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்துச் சவர்க்காரம் போடச் சொன்னாள். தோல் எரியாமலே கை சுத்தமாகிவிட்டது.

தொழுதுவிட்டு வந்து வலது மூலையைத் தேய்த்தபோதுதான் விடயம் வெளிப்பட்டது. வெள்ளி நிறத்துக்குக் கீழே வெள்ளை நிறம், அதற்கும் கீழே தடித்த சாம்பல் நிறப் பேஸ்ட். பம்பரைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு சாண் நீள வெடிப்பைக் கம்பியால் தைத்து, மேலே ஏதோ பசை பூசி மறைத்திருந்தார்கள். பாஸை மீண்டும் அழைத்தோம். உள்ளே இருக்கும் இரும்புத் தாங்கியும் சற்று வளைந்திருப்பதை அவர் காட்டினார். ஓட்டுவதற்குப் பயமில்லை, ஆனால் இது ஒருமுறை பலமாக மோதிய வண்டி என்றார்.

தங்கை வெகுநேரம் பேசவில்லை.

“எங்களுக்கு மறைத்துத்தானே விற்றார்கள். நாங்கள் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் நானா?”

பொருளில் உள்ள ஐப் தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று பிக்ஹுச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். மதீனாக் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டதையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டதையும் ஞாபகப்படுத்தினேன். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த ஹதீஸை வருடாவருடம் மாணவர்களுக்கு நடத்துகிறேன்.

“மஸ்அலா எனக்கும் தெரியும். நான் பிள்ளையின் காசைத்தான் கேட்கிறேன்” என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தகப்பனில்லாப் பிள்ளையின் கட்டணத்தில் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் அவளுடைய தலையில்தான் விழும். கிதாபை விரித்து வைத்திருக்கும் என் தலையில் அல்ல.

மறுநாள் காலை, பெயின்ட் டின்னைத் திறக்கப் போன மகனைத் தடுத்தாள். “வலது மூலைக்கு அடிக்க வேணாம். வாறவங்க பார்க்கட்டும்.”

முதலில் வந்தவர் பார்த்துவிட்டுப் போனார், திரும்பி வரவேயில்லை. இரண்டாமவர் கேட்ட விலை அநியாயம். மூன்றாவதாக ஓர் ஆசிரியர் மனைவியுடன் வந்தார். அந்தப் பெண் வெடிப்பைத் தடவிப் பார்த்து, வேறு எங்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார். தங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்லி, பாஸின் தொலைபேசி இலக்கத்தையும் தங்கை கொடுத்தாள். அவர்கள் அவரிடம் விசாரித்துவிட்டு, ஒரு இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டார்கள்.

பம்பரை முடித்துத் தருவது எங்கள் பொறுப்பாயிற்று. வெறும் பிளாஸ்டிக் தெரிந்த இடங்களுக்குப் பெயின்ட் பிடிக்க உதவும் நிறமற்ற திரவத்தை முதலில் அடித்து, பிறகு பிரைமர், அதன்மேல் வெள்ளி நிறம். இரண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பூட்டிக் கொடுத்தோம்.

மகளின் இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு இன்னும் பணம் போதவில்லை. அதற்காகத் தங்கை அயலிலுள்ள பெண்களோடு சேர்ந்து ஒரு சீட்டுப் பிடித்திருக்கிறாள். அவளுடைய முறை ஐந்தாம் மாதத்தில்தான் வருகிறது.