ஐந்து பேருக்கு ஒரு கணினி

மலேசியாவின் ரந்தாவ் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்க் கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. முன்பெல்லாம் இடி விழுந்து மோடம் போயிருக்கும், இல்லை பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடக்கும். இப்போது பாதி நாள், "அண்ணே, கேம் ஓப்பன் ஆகல, செக்யூர் பூட் ஆன் பண்ணச் சொல்லுது" என்றுதான் அழைப்பு.

நான் போவதற்குள் யூடியூப் பார்த்துப் பையனே பயாஸுக்குள் புகுந்திருப்பான். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் என்றால் அதோடு விண்டோஸ் எழும்பாது. எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை ஓட்டினால் சில நிமிட வேலை. அதற்கு முன் பேக்கப் எடுக்கத்தான் நேரம் போகும். அப்போது கண்ணில் படுபவை: அப்பாவின் ஈபிஎஃப் சேமநிதி அறிக்கை, அக்காவின் யூபியூ பல்கலைக்கழக விண்ணப்பம், அம்மாவின் வங்கிச் சீட்டுகள். லயத்து வீட்டில் ஐந்து பேருக்கும் அந்தக் கணினி ஒன்றுதான்.

செக்யூர் பூட் கேட்பது, விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் காவல்காரன். அது சாதாரணச் செயலி அல்ல. வேலோரண்டு விளையாட்டுக்காக ரையட் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த வேன்கார்டு, விண்டோஸின் அடித்தளமான கெர்னலிலேயே உட்காரும் டிரைவர். விளையாடினாலும் இல்லாவிட்டாலும் கணினியோடு சேர்ந்தே எழுந்துவிடும். 2024இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. கள்ள மென்பொருள் எழுதுகிறவர்கள் கெர்னலுக்குள் இறங்கிவிட்டார்கள். மேலே நிற்கும் காவலனுக்குக் கீழே நடப்பது தெரியாது.

என் பாட்டி ரப்பர் பால் வெட்டிய காலத்தில், தண்ணீர் கலந்த பாலைப் பிடிக்கக் கிராணி கொட்டகையில் மெட்ரோலாக் என்ற அளவுகோலை மிதக்கவிட்டுப் பார்ப்பாராம். சோதனை வாளியோடு சரி. லயத்துக்கு வந்து அடுப்படியைத் துழாவியதில்லை. ஆட்டத்தைச் சர்வரில் வைத்து ஆராய்ந்து கள்ளனைப் பிடிப்பது அந்த மாதிரி. கவுண்டர் ஸ்டிரைக் விளையாட்டில் வால்வ் நிறுவனம் அப்படியும் செய்கிறது. "அங்கதான் சீட்டர் அதிகம்ணே" என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். அதையும் மறுக்க முடியவில்லை.

ரையட் வீட்டுக் கோப்புகளைத் திருடுகிறது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. என் பயம் வேறு. 2013இல் ஈஎஸ்இஏ என்ற விளையாட்டுப் போட்டித் தளத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்குள் அங்கே வேலை பார்த்த ஒருவரே பிட்காயின் தோண்டும் நிரலைச் செருகிவிட்டார். 2022இல் கென்ஷின் இம்பேக்ட் விளையாட்டின் தடுப்பு டிரைவரை மட்டும் தனியே எடுத்து, அதை வைத்து ஆன்டிவைரஸை முடக்கி, ரேன்சம்வேர் ஏற்றிய கதையைப் பாதுகாப்பு நிறுவனமான ட்ரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. அந்த விளையாட்டே இல்லாத கணினியிலும் அது பலித்தது. டிரைவரில் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்ததே!

"தனி யூசர் போட்டுத் தாங்க" என்பார்கள். கெர்னலுக்கு அந்தத் தடுப்பெல்லாம் வேட்டித் திரை. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: 14 வயதுப் பையன் 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்துமுன் அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன். போன மாதம் ஒரு அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து அந்தக் காவல்காரனைப் பற்றிக் கேட்டார்.

"சாமி ரூம் வரைக்கும் போயிடுமா தம்பி?"

"போக முடியும்கா. போகுதான்னு நம்மளால பார்க்க முடியாது."

கொஞ்ச நேரம் மகனைப் பார்த்தார். பிறகு அலமாரி மேலிருந்து பழைய மடிக்கணினியை இறக்கி, வங்கி வேலைக்கு மட்டும் அதைத் தயார் செய்யச் சொன்னார். விளையாட்டு பெரிய கணினியிலேயே ஏறியது. மடிக்கணினிக்குப் பாஸ்வேர்டு வைக்கும்போது, மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டார்.