பன்றிக்கும் துப்பாக்கிக்கும் நடுவே எத்தனை வரப்பு?

“துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும்?” காட்டுப்பன்றிப் பேச்சை யார் எடுத்தாலும் எங்கள் விக்கிரமங்கலம் டீக்கடையில் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். மக்காச்சோளம் கதிர் வைத்து பால் பிடிக்கிற நேரத்தில் தினமும் இதே பேச்சு. “லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தா நாங்களே பார்த்துக்குவோம்” என்று ஒருவர் சொல்வார். “பட்டாளத்துல இருந்தவங்க ரெண்டு பேர் போதும்” என்பார் இன்னொருவர். கோபத்தில் நியாயம் இருக்கிறது. விதை, உரம், களைக்கூலி எல்லாம் போட்டு எழுபது நாள் வளர்த்த கொல்லையை ஒரே ராத்திரியில் ஒரு கூட்டம் சாய்த்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? என் இரண்டு ஏக்கரிலும் அப்படிச் சாய்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தூரக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது, எனக்குக் கிடைத்தது துப்பாக்கியைப் பற்றிய விடை அல்ல, நம் நிலத்தைப் பற்றிய விடை.

முதலில் நமக்குப் பழக்கமான கணக்கிலிருந்து வருவோம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அது சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 209 அடி, அதாவது 64 மீட்டர். சாதாரண நடையில் எண்பத்தைந்து எட்டுக்குள் முடிந்துவிடும். பத்து ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால்தான் ஒரு பக்கம் 200 மீட்டர் வரும். 300 மீட்டர் வேண்டுமென்றால் இருபத்திரண்டு ஏக்கர் ஒரே துண்டாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படி யாருக்கு இருக்கிறது? அரை ஏக்கர், முக்கால் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று பங்கு பிரிந்து பிரிந்து கிடக்கிறது. நேர்கோட்டில் 300 மீட்டர் நடந்தால் ஐந்தாறு பேருடைய வரப்பைத் தாண்டிவிடுவோம்.

இப்போது வேட்டைக்காரர்களின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் புல்வெளிகளில் மான் இனங்களை வேட்டையாட அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. ஒளிய ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. அங்கே தொலைநோக்கி பொருத்திய ரைஃபிளால் 200 முதல் 300 கஜம் வரை சுடுவது சகஜம். ஒரு கஜம் மூன்று அடி. காட்டுக்குள் என்றால் அதே வேட்டைக்காரர் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் சுடுவார். வெட்டவெளியிலும் தூரம் கூடக் கூடச் சிக்கல் கூடும். நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்த சாதாரண வேட்டை ரைஃபிளில், 300 கஜம் போவதற்குள் குண்டு ஒரு அடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். காற்று அடித்தால் பக்கவாட்டிலும் நகரும். பன்றியின் உயிர்நிலை முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அதில் படாமல் வயிற்றிலோ காலிலோ பட்டால் அது அங்கே விழாது. காயத்தோடு அடுத்தவர் கொல்லைக்குள் போய்ப் படுக்கும். காலையில் களை எடுக்கப் போகிற பெண்கள் அதன் மேல் போய் இடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஊரில் பேசப்படுவது அந்த ரைஃபிளும் அல்ல. பயிர்ப் பாதுகாப்புக்கென்று 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் சொல்வது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியை. கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்கிற அந்தத் துப்பாக்கிக்கு முப்பது, நாற்பது மீட்டர் தாண்டினாலே குறி நம்பிக்கையில்லை. குண்டுகள் சிதறிவிடும். ஒரு ஏக்கரின் ஒரு வரப்பில் நின்று எதிர் வரப்பில் நிற்கிற பன்றியைச் சுடக்கூட அது போதாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பதால் மட்டும் பன்றியைச் சுட அனுமதி வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணை. அனுமதி இல்லாமல் சுட்டால் வழக்கு நம் மேல்தான்.

குறி தவறிய குண்டு எங்கே போகும் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. குறி பார்க்கிற தூரம் வேறு, குண்டு போய் விழுகிற தூரம் வேறு. பறவை சுடுகிற சின்னப் புள்ளி இருபத்திரண்டு ரைஃபிள் குண்டுகூட ஏறுமுகமாகச் சுட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும். பெரிய வேட்டை ரைஃபிளின் குண்டு நான்கு கிலோமீட்டரையும் தாண்டும். எங்கள் சமவெளியில் அந்தக் குண்டைத் தடுக்க மலையும் இல்லை, மேடும் இல்லை. முந்திரித் தோப்பு, தைலமரத் தோப்பு, அதைத் தாண்டினால் அடுத்த ஊர்.

ராத்திரியில் கொல்லையில் ஆள் இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. மும்முனைக் கரண்டு நடுராத்திரி வந்தால் மோட்டார் போட ஒருவர் போவார். மடை திருப்ப மண்வெட்டியோடு இன்னொருவர் குனிந்து நிற்பார். பன்றிக்குக் காவலாகப் பரணில் ஒரு பையன் படுத்திருப்பான். ஆடு கிடை போட்டவர் பட்டியோரம் தூங்குவார். மக்காச்சோளம் ஆளுயரம் தாண்டி நிற்கும்போது பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. சத்தத்தை வைத்தும் அசைவை வைத்தும்தான் கணிக்க வேண்டும். காட்டுப்பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகளை நாம் பேப்பரில் படிக்காமல் இல்லை.

டார்ச் அடித்தால் கண் மின்னுமே என்பார்கள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாடு, ஆடு, நாய், மான், நரி இவற்றின் கண்ணுக்குள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் உண்டு. அதனால்தான் பளீரென்று மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. ஆகவே இருட்டில் பளிச்சென்று இரண்டு கண் தெரிந்தால், அது பன்றியாக இல்லாமல் நம் பக்கத்துக் கொல்லைக்காரரின் கன்றுக்குட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் பழைய வேட்டைக்காரர்களும் அறிந்தே இருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டுச் சமவெளிகளில் வெளிமான் கூட்டம் கூட்டமாக மேய்ந்தது. இன்று கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் கிண்டியிலும் பார்க்கிற அதே மான்தான். ஒளிய இடமில்லாத வெளி என்பதால் ஆளைக் கண்டதும் ஓடிவிடும். ஆனால் மாட்டுவண்டியைக் கண்டு ஓடாது, தினமும் பார்த்துப் பழகியது. அதனால் வேட்டைக்காரர்கள் வண்டிக்குப் பக்கத்தில் மறைந்து நடந்தே நூறு கஜத்துக்குள் நெருங்கினார்கள். வெட்டவெளியிலும் அவர்கள் நம்பியது தூரத்தை அல்ல, நெருக்கத்தை. அப்படி நெருங்கி நெருங்கிச் சுட்டதில் மான்கள் அருகிப்போனது தனிக் கதை. நீலகிரிப் புல்வெளிகளில் வரையாடு குறைந்துபோய், வேட்டையைக் கட்டுப்படுத்த 1879-இலேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

ஜெர்மனியில் காட்டுப்பன்றித் தொல்லை நம்மைவிடக் குறைவில்லை. அங்கே மக்காச்சோளக் கொல்லை ஓரத்தில் உயரமான மரப் பரண் கட்டி, அதில் பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து சுடுகிறார். பரண் வெறும் வேடிக்கைக்கு அல்ல. மேலிருந்து கீழாகச் சுடும்போது, தவறினாலும் துளைத்துக்கொண்டு போனாலும் குண்டு மண்ணில் இறங்கிவிடும். மிருகத்துக்குப் பின்னால் மண் தெரியாவிட்டால் சுடக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் பாடம்.

நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவை அறிவித்தது. அதுவும் தூரக் கணக்குதான். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வருகிற காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். சுடுவது அவர்கள்தான், நாம் அல்ல. கேரளத்தில் 2022-இல் எடுத்த வழி வேறு. அங்கே உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடச் செய்தார்கள். விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்று அங்கேயும் தடை உண்டு.

எங்கள் பக்கத்துக்கு இந்த மூன்று கிலோமீட்டர் கணக்கு முக்கியம். பகலில் பன்றி படுத்திருப்பது பெரும்பாலும் ஏரிக்குள் மண்டிய சீமைக்கருவேலத்திலும் தோப்புகளிலும்தான். அந்தத் தோப்பு பட்டா நிலமா, வனத்துறையினுடையதா, அறிவிக்கப்பட்ட காப்புக்காடா என்பது தெரிந்தால்தான் நம் கொல்லை எந்த வட்டத்துக்குள் வருகிறது என்று சொல்ல முடியும். எனவே “பன்றித் தொல்லை தாங்கலை” என்று மட்டும் மனு எழுதாதீர்கள். சர்வே எண், பயிர், விதைத்த தேதி, சேதமான பரப்பு, சேதத்தின் புகைப்படம், காப்புக்காட்டு எல்லையிலிருந்து தூரம் இவற்றை எழுதுங்கள். எல்லை தெரியாவிட்டால் வனச்சரக அலுவலகத்தில் கேட்கலாம். புலப்படம் கிராம நிர்வாக அலுவலரிடம் கிடைக்கும். ஒருவர் கொடுப்பதைவிட ஒரே வெளியில் பயிர் வைத்த இருபது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மனுவுக்குப் பலம் வரும்.

அதுவரை கொல்லையைச் சும்மா விட முடியாது. பழைய சேலை வேலி எங்கள் பக்கம் எல்லாரும் கட்டுகிறோம். புதிதாகக் கட்டிய சில நாள் வேலை செய்யும், பிறகு பன்றி பழகிவிடும். அதனால் கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்குத்தான் அதைக் கட்ட வேண்டும், விதைத்த அன்றே அல்ல. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை என்பதை நினைவில் வைத்தால் எதற்குச் செலவழிப்பது என்று தெரியும். சத்தத்தை ஒரே இடத்தில் வைக்காமல் இடம் மாற்றி வையுங்கள். ஒரு வெளியில் இருப்பவர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் காவலும் ஒரே சமயத்தில் வரும், முறை வைத்துப் படுக்கலாம். ஏரிக் கருவேலத்தை எடுக்க ஊராட்சியில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பகலில் படுக்க இடமில்லாவிட்டால் பன்றி தங்காது. சூரியசக்தி வேலிக்கு மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். முறைப்படியான வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது.

வீட்டு லைனிலிருந்து கம்பியில் நேரடியாகக் கரண்டு விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானை செத்தால் ஊருக்கே தெரிகிறது. மடை திருப்பப் போன மனிதர் செத்தால் அது அந்தக் குடும்பத்தோடு போகிறது. அவுட்டுக்காய் வைப்பதும் அதே கதைதான். அதைக் கடிப்பது பன்றி என்று எழுதி வைத்தா இருக்கிறது? மேய்ச்சலுக்குப் போன மாடும் கடிக்கும்.

டீக்கடையில் இப்போதும் அந்தக் கேள்வி வருகிறது. நான் திருப்பி ஒன்று கேட்கிறேன்: “உன் வரப்பிலிருந்து நேராகப் பார், முந்நூறு மீட்டருக்குள் யார் யார் கொல்லை இருக்கிறது, பெயர் சொல்லு.” அண்ணன் கொல்லை, சம்பந்தி கொல்லை, பக்கத்து வீட்டு அக்கா கொல்லை என்று விரல் விட்டு எண்ணி முடிக்கும்போது பேச்சு துப்பாக்கியை விட்டு மனுவுக்கு வந்துவிடுகிறது.