சங்கின் கொழுந்து

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியெல்லாம் கரிசல். நடுநடுவே, தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகளாகப் பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்கே அந்த இடைவெளி. அதையும் மீறி இந்தப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அந்த அறைகளைக் கடக்கும்போது பேச்சு தானாக நின்றுவிடுகிறது.

நான் தேடிப் போனது அதைவிடப் பழைய கைத்தொழில் ஒன்றை. வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில், தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. 2023, 2024 ஆண்டுகளிலும் தோண்டினார்கள். கிடைத்தவற்றைக் கண்காட்சியாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்: கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள். மூன்றாம் கட்டத்தில் திமில் காளை பொறித்த சூதுபவளக் கல்கூடக் கிடைத்தது. ஆனால் என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டவை சங்கு வளையல்கள்.

"முழு வளையலை எல்லாரும் பாப்பாக அண்ணாச்சி, இந்த உடைசலைப் பாருங்க" என்றார் அங்கிருந்த ஒருவர். பாதி அறுத்து விட்டவை, தேய்க்காத வளையங்கள், வெட்டி எறிந்த துண்டுகள். இந்தக் கழிவுதான் சாட்சி. வெறும் வளையல் என்றால் வியாபாரி கொண்டுவந்திருப்பான் என்று சொல்லிவிடலாம். கழிவு கிடந்தால் பட்டறை இங்கேதான்.

சங்கை வளையலாக்குவது லேசான வேலையில்லை. முனையைத் தட்டி, உள்சுவரை உடைத்து, அரத்தால் குறுக்கே வளையம் வளையமாக அறுத்து, கல்லில் உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும். ஒரு சங்கில் சில வளையல்களே தேறும், மிச்சமெல்லாம் கழிவு. கடலோ இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். கொற்கை, காயல் கரைகளில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடந்ததை ஜேம்ஸ் ஹோர்னெல் 1914-இலேயே எழுதினார். கரையில் பட்டறை இருந்ததில் வியப்பில்லை. இத்தனை கனத்தைக் கரிசலுக்குள் சுமந்து வந்து அறுத்திருக்கிறார்களே! வைப்பாற்றை ஒட்டிய வழியே வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

திருகலான ஒரு துண்டைப் பார்த்ததும் ஆவூர் மூலங்கிழார் நினைவுக்கு வந்தார். அகநானூற்றின் 24-ஆம் பாட்டில், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கறுக்கிறான். வளையல்களை எடுத்தபின் எஞ்சும் கொழுந்தைப் போல, விரியாத பகன்றை மொட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்கிறார் புலவர். வளையலை விட்டுக் கழிவைப் பார்த்த கண் அது! அவர் ஏதோ ஒரு பட்டறையில் நின்றிருக்க வேண்டும். உவமையின் ஒரு பாதி கண்ணாடிக்கு அப்பால் கிடக்கிறது.

பிற்காலத்தில் இந்தத் தொழில் வங்காளத்தில் செழித்தது. தூத்துக்குடிச் சங்கு கப்பலேறிப் போய், டாக்காவின் சாங்காரி பஜாரில் அறுபட்டு, மணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாக ஏறியது. அதே வங்காளத்துக்கு 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுச் சிவகாசிக்குக் கொண்டுவந்தார்கள். சங்கு போன திசையிலிருந்து தீக்குச்சி வந்திருக்கிறது.

வங்காளத்துச் சங்கறுப்பவர் ஒருவரை இங்கே அழைத்து வந்து, பள்ளிப் பிள்ளைகள் முன்னால் ஒரு சங்கை அறுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அந்தத் திருகல் துண்டுக்குக் கீழே மூலங்கிழாரின் அடிகளைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பகன்றைக் கொடி ஒன்றையும் வாசலில் நட்டுவிட்டால், பிள்ளைகளே மொட்டையும் சங்கையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.