ரெண்டாவது டார்ச்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. கவிதை எனக்கு வராது. அறிவுரை சொல்கிற வயசும் இல்லை. அதனால் போன வருஷம் ஒரு டார்ச் லைட் வாங்கிய கதையைச் சொல்கிறேன். கடலுக்கு அடியில் எரிகிற டார்ச். ஒரகடம் கூட்டுரோட்டில் கடல் ஏது என்று சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

என் அத்தை மகன் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) ஸ்கூபா டைவிங் கடையில் வேலை பார்க்கிறார். சிலிண்டர் தூக்கப் போனவர், இப்போது சுற்றுலா வருகிறவர்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போகிறார். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "மாப்ள, நீ எலக்ட்ரிகல்தானே படிக்கிற? ராத்திரி டைவுக்கு எனக்குன்னு ஒரு பேக்கப் லைட் பாத்துச் சொல்லுடா" என்றார். ராத்திரி இறங்குகிறவர் கையில் ஒரு லைட், உடம்பில் மாட்டிய இன்னொரு சின்ன லைட் என்று ரெண்டு வைத்திருக்க வேண்டுமாம். கடலடிக் குகைக்குள் போகிறவர்கள் மூன்று வைத்திருப்பார்களாம்.

எங்கள் வீட்டில் அப்பா அஞ்சாவது வரைக்கும் படித்தவர். அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. படிப்பை நம்பி என்னிடம் ஒருவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. தலை கால் புரியவில்லை.

ஒரு வாரம் செல்போனில் தேடினேன். லூமன் எவ்வளவு, என்ன பேட்டரி என்று நோட்டில் எழுதினேன். ரிச்சி தெருவுக்குப் போனபோது '9900 mAh' என்று அச்சடித்த 18650 செல் ஒன்றைக் காட்டினார்கள். அந்த அளவு செல்லில் அவ்வளவு வரவே வராது என்பது தெரிந்ததால் தப்பித்தேன். கடைசியில் மச்சானின் பெரிய லைட்டில் இருக்கிற அதே 18650 செல் போடும் ஒரு லைட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே செல், ஒரே சார்ஜர், செலவு மிச்சம்! சாயங்காலம் எல்லோர் முன்னாடியும் பெருமையாக விளக்கினேன்.

அப்பா பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நைட் வாட்ச்மேன். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"பெரிய லைட்டும் அதே சார்ஜர்தானா?"

"ஆமாப்பா."

"அப்ப அது எதனால அணையுதோ, அதே காரணத்தால இதுவும் அணைஞ்சிடும். அப்புறம் இது எதுக்குடா?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் எங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். சில வருஷம் முன்பு, ரெண்டு டார்ச்சையும் ஒரே பிளக்கில் சார்ஜ் போட்டிருந்தாராம். பிளக் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. ராத்திரி ரவுண்டில், காம்பவுண்டுக்குப் பின்னால் தொட்டிக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்துப் பக்கம் போனபோது ஒன்று அணைந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் அணைந்தது. "எந்தப் பக்கம் பள்ளம்னு தெரில. உக்காந்த இடத்துலயே விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்." அன்றிலிருந்து கடைச் செல் போடும் ஒரு சின்ன டார்ச் அவர் பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். அதைக் கஞ்சத்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

மறுநாள் நோட்டைப் புதிதாக ஆரம்பித்தேன். கேள்விகளே மாறிவிட்டன.

செல்: கடையில் வாங்கும் ஆல்கலைன். அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் செல்லில் பாதுகாப்பு சர்க்யூட் இருந்தால் பட்டென்று நிறுத்திவிடும். மேலும் தீவில் கரண்ட் போனாலும் இதற்குக் கவலையில்லை.

வெளிச்சம்: கண்ணைக் கூச வைக்க வேண்டியதில்லை. ரெண்டாவது லைட் மீன் பார்க்க அல்ல, மேலே வர. ஒடுங்கிய ஒளி நல்லது. மார்கழிப் பனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளையாகத்தானே தெரியும்? கலங்கிய தண்ணீரில் அகலமான ஒளியும் அப்படித்தான்.

ஸ்விட்ச்: போட்டால் எரியணும், அவ்வளவுதான். மினுக்குவது, சுற்றுவது எதுவும் வேண்டாம். கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு போட முடிய வேண்டும். தலையைத் திருகி எரிய வைக்கும் லைட் என்றால், அணைக்கும்போது அதிகம் தளர்த்தினால் தண்ணீர் புகும். போதுமான அளவு தளர்த்தாவிட்டால் ஆழத்து அழுத்தத்தில் தானே எரிந்து செல் தீர்ந்துவிடும்.

ஆழம்: செல்போனில் போட்டிருக்கும் 'IP68' டைவிங்குக்கு உத்தரவாதம் அல்ல. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் மூன்று. எத்தனை மீட்டர் தாங்கும் என்று டைவிங்குக்கென்றே குறித்திருக்க வேண்டும்.

இப்படி ஒரு சின்ன லைட் வாங்கினோம். மச்சான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், செல்லைக் கழற்றிவிட்டு, உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, கல்லைக் கட்டிப் பெரியப்பா கிணற்றில் இறக்கினேன். ஆறு மீட்டர் தண்ணீர். ஆழம் குறைவுதான், ஆனால் ஓ-ரிங்கை அழுத்தி மூட வைப்பதே தண்ணீரின் அழுத்தம், அதனால் மேலாக இருக்கும்போதுகூட ஒழுகலாம். காலையில் எடுத்தால் பேப்பர் ஈரம்! வயிறு கலங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தேன், ஓ-ரிங் மேல் ஒரு தலைமுடி. என் தலைமுடிதான். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மறுபடி இறக்கினேன். ரெண்டு ராத்திரியும் பேப்பர் மொரமொரவென்று வந்தது.

மாசியில் மச்சான் போன் செய்தார். ராத்திரி டைவில், கூட வந்தவரின் லைட் திடீரென்று அணைந்துவிட்டதாம். சின்ன லைட்டை எரியவிட்டு அவர் கையில் கொடுத்து, அதோடு டைவை முடித்துக்கொண்டு மெதுவாக மேலே கூட்டி வந்துவிட்டாராம். "ரெண்டாவது லைட்ட எடுத்துட்டா அப்புறம் மேலதான் வரணும் மாப்ள" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். அப்புறம், "நீ எட்டாவது படிக்கறப்ப ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது. அப்பாவும் அண்ணனும் அப்போது ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை. காண்ட்ராக்ட் மாறியது. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. மூணு மாசம் அம்மா அடகுக் கடைக்கு நடந்தார்.

"ரெண்டு லைட்டும் ஒரே பிளக்குல இருந்துச்சு. அப்பதான் உன்ன வேற லைன்ல வுடணும்னு முடிவு பண்ணேன்" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

நண்பர்களே, அடுத்த வாரம் எனக்கு செமஸ்டர் பரீட்சை. ரெண்டு பேப்பர் அரியர் இருக்கிறது. படிக்கப் போகிறேன்.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்