மடக்குக் கத்தியின் முதுகு

புதிதாக ஒரு மடக்குக் கத்தி கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் முதுகை. வெட்டுவாய்க்கு அப்புறம் வரலாம். அலகைத் திறந்து, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியின் பின்பக்கத்தைப் பார்ப்பேன். வில்லுக்கும் அதன் இருபுறமும் உள்ள பித்தளைத் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகுகிறதா? பிறகு அலகைப் பாதி மடக்கி அதே இடத்தை நகத்தால் தடவுவேன். முழுக்க மடக்கி இன்னொரு முறை. பர்மா பஜாரில் ஒரு கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், நீங்க கத்தி வாங்க வந்தீங்களா, வைரம் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொய்யா நறுக்கவும் பார்சல் கயிறு அறுக்கவும் இந்தச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கத்தியைச் செய்தவர் எந்த இடத்தில் நேரம் செலவழித்தார், எந்த இடத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தார் என்பது முதுகில்தான் எழுதியிருக்கிறது.

பழைய பாணி மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. முதுகில் நீளமாக ஓடும் எஃகு வில் ஒன்று அலகின் வேரை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த வேரை ஏறக்குறையச் சதுரமாக அராவியிருப்பார்கள். திறக்கும்போது அதன் ஒரு முகமும் மூடும்போது இன்னொரு முகமும் வில்லின் மேல் படிந்து நிற்கும். 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது வேரின் மூலை வில்லைத் தாண்டி விழும் சத்தம். அலகு ஓர் அச்சாணியில் சுழல வேண்டும். நின்றபிறகு அசையக் கூடாது. ஆணியை இறுக்கினால் திறக்கிறவர் நகம் பிய்யும். தளர்த்தினால் அலகு இடவலமாக ஆடும். நடுவில் கிடைக்கும் இடம் மயிரிழைதான். மடக்குக் கத்தியில் நாம் காணும் குறைகளில் பெரும்பாலானவை அந்த மயிரிழையைத் தவறவிட்டதால் வருபவை.

முதுகுக்கு வருவோம். திறந்த நிலையில் வில்லும் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியதும் வேரின் வேறொரு முகம் வில்லைத் தாங்குகிறது. அந்த முகம் அச்சாணியிலிருந்து கொஞ்சம் கூடுதல் தூரத்தில் இருந்தால் வில் வெளியே துருத்தும். குறைந்தால் உள்ளே அமிழும். பாதியிலும் நின்று போகிற மாதிரி அராவிய கத்தி என்றால் மூன்று நிலையிலும் மட்டம் ஒத்து வர வேண்டும். அரத்தை இரண்டு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டால் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் பொருத்துகிறவர் தற்காலிக ஆணி போட்டுக் கோத்துப் பார்ப்பார், கழற்றுவார், அராவுவார், மறுபடி கோப்பார். கடைசியில் நிஜ ஆணியைப் போட்டுச் சுத்தியலால் தட்டி விரிப்பார். அந்தத் தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் இறுகிப்போகும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அலகைக் காய்ச்சி அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்துபவர் ஒருவர். பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்த கைவினைஞர்களை அந்த ஊர்க்காரர்கள் 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். ஸ்டான் ஷா அந்த மரபின் கடைசி வரிசையைச் சேர்ந்தவர். 14 வயதில் ஜார்ஜ் இபர்சன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர், 90-ஐத் தாண்டியும் பட்டறையில் கத்தி செய்துகொண்டிருந்தார், 2021-இல் காலமானார். அவருடைய கத்திகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் வில் முடிந்து தகடு தொடங்கும் கோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. அதே ஊரில் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1822-இல் 1,822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்து, ஆண்டுக்கு ஓர் அலகாகச் சேர்க்கும் வழக்கத்தையும் தொடங்கிவைத்தது. யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் போகாத கத்தி என்பதால் அதன்மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை.

இவ்வளவு மெனக்கெடாமல் தப்பிக்கக் குறுக்குவழி உண்டு. பொருத்தம் சரியில்லாத முதுகை, அலகு திறந்திருக்கும்போதே பஃபிங் சக்கரத்தில் வைத்து அழுத்த வேண்டியதுதான். துருத்துவதெல்லாம் தேய்ந்து மட்டமாகிவிடும். ஓரங்கள் மழுங்கி, எஃகுக்கும் பித்தளைக்கும் நடுவிலுள்ள கோடு கலங்கி, பார்க்க ஒரே வார்ப்பாகத் தெரியும். கடையில் கத்தியைத் திறந்துதானே காட்டுகிறார்கள்! விளம்பரப் படத்திலும் அப்படித்தான். நான் வாங்கிய ஒன்று, கம்பெனிப் பெயர் வேண்டாம், முகம் பார்த்துத் தலை சீவும் அளவுக்குப் பளபளத்தது. மூடினால் முதுகில் நகம் இடறியது. அலகின் வேருக்கு அருகே சாணைச் சக்கரம் ஆழமாகக் கடித்த பள்ளம் ஒன்று இருந்தது; அந்தப் பள்ளத்துக்கும் அக்கறையாக மெருகு போட்டிருந்தார்கள். வெளிச்சம் ஒழுகும் இடைவெளி உள்ள மலிவுக் கத்தி மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இந்த விலைக்கு இவ்வளவுதான் முடிந்தது என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. மெருகுக்குச் செலவழித்த நேரத்தை அரத்துக்குச் செலவழித்திருக்கலாமே என்று தோன்றவைக்கும் கத்திகள்தான் எரிச்சலூட்டுகின்றன.

மறைப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த மலிவுக் கத்திகளில் ஷெஃபீல்டு என்று முத்திரை குத்தி விற்ற காலம் இருந்தது. 1887-இல் பிரிட்டன் சரக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் சோலிங்கன் தரத்துக்குப் பெயர் வாங்கியது. 1938-இல் தன் பெயரை மற்றவர்கள் குத்தாமல் காக்க அந்த ஊருக்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கண்ணில் படுகிற கோணல் எல்லாவற்றையும் குறைக் கணக்கில் எழுதவும் கூடாது. அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் வைத்திருந்த 'ஸ்டாக்மேன்' வகைக் கத்தியில் மூன்று அலகுகள். மூடி மேலிருந்து பார்த்தால் எந்த அலகும் நேராக இராது. ஒன்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், இன்னொன்று வலப்பக்கம். புதிதாக வாங்குபவர்கள் பதறிப்போய்த் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒல்லியான பிடிக்குள் மூன்று அலகுகள் ஒன்றையொன்று கீறாமல் படுக்க வேண்டுமே, அதற்காக அலகை வேருக்கு அருகில் சுத்தியலால் தட்டி மிக லேசாகப் பக்கவாட்டில் வளைப்பார்கள். ஆங்கிலேயக் கத்திக்காரர்கள் இதை 'கிரிங்கிங்' என்பார்கள். எவ்வளவு வளைப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது, கண்தான். ஒற்றை அலகுக் கத்தியில் அதே சாய்வு வந்து அலகு தகட்டை உரசினால் மட்டும் தாராளமாகத் திட்டலாம்.

பிரான்சின் லாகியோல் கத்தியில் விஷயம் கொஞ்சம் சிக்கல். லாகியோல் ஒரு கிராமத்தின் பெயர். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய கத்திகளில் பெரும்பங்கு தியேர் நகரத்திலும், மலிவானவை ஆசியாவிலும் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. வில்லின் தலைப்பில் ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். நல்ல கத்தியில் வில்லும் தேனீயும் ஒரே எஃகுத் துண்டு. அடித்து எடுத்து அரத்தால் சிறகு செதுக்குவார்கள். மலிவானதில் தனியாகச் செய்த தேனீயைப் பற்றவைத்திருப்பார்கள். ஒட்டின இடத்தில் கோடு தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். இந்தக் கத்தியில் இன்னொரு சங்கதி: மூடும்போது அலகைச் சட்டென்று விட்டுவிட்டால் வெட்டுவாய் உள்ளே வில்லில் மோதி, மோதிய இடத்தில் மழுங்கும். அதனால் பழகியவர்கள் விரலால் தாங்கி மெதுவாக மூடுவார்கள். மரபு என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த மனம் இல்லை. அலகின் வேரில் சின்னதாக ஒரு மேடு விட்டால் அந்த மேடு வில்லில் உட்கார்ந்து வெட்டுவாயைக் காக்கும். ஷெஃபீல்டுக்காரர்களும் சோலிங்கன்காரர்களும் காலங்காலமாகச் செய்துவரும் காரியம்.

ஓப்பினலை மட்டும் நான் வேறு தராசில் வைக்கிறேன். ஜோசப் ஓப்பினல் 1890-இல் பிரான்சின் சவாய் மலைநாட்டில் செய்யத் தொடங்கிய கத்தி. ஒரு துண்டு பீச் மரம், அதில் ஒரு வாள்வெட்டு, ஓர் அலகு, ஓர் ஆணி, கழுத்தில் உலோக வளையம். வில்லே கிடையாது, மரத்தின் உராய்வுதான் அலகைப் பிடித்துவைக்கிறது. திறந்த அலகு விரலில் மடங்கி விழாதபடி பூட்டும் சுழல் வளையத்தை அவர் மகன் மார்செல் 1955-இல் சேர்த்தார். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். சென்னையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நிலைக்கதவு இறுகுவதைப் போல இந்தப் பிடியும் அலகைக் கவ்விக்கொள்ளும். நகக்குழியில் நகத்தை வைத்து இழுத்தால் நகம்தான் கையோடு வரும். சவாய்க்காரர்களுக்கும் இது பழைய கதை. பிடியின் அடியை மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார்கள், அலகு தலையை நீட்டும். அந்தத் தட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே 'சவாய்க்காரன் தட்டு'. சிலர் பிடியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைக்கிறார்கள். உப்புத்தாளை மடித்து வெட்டுக்குள் விட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. மழையில் அதிகமாகத் தேய்த்துவிட்டால் கோடையில் அலகு தொளதொளக்கும். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் பிளாஸ்டிக் பிடி வாங்கிக்கொள்வது நல்லது. மரத்தில் கத்தி செய்வோம், மரம் செய்வதைச் செய்யும் என்று தெரிந்தே விற்கிறார்கள், தெரிந்தே வாங்குகிறோம்.

விக்டோரினாக்ஸ் இதற்கு நேர் எதிர். கார்ல் எல்சனர் 1884-இல் சுவிட்சர்லாந்தில் பட்டறை தொடங்கி, 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். இன்று அந்தச் சிவப்புக் கத்தியில் பெரிய அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56, ரம்பம் 53, வில்லும் கார்க் திருகியும் 49. ஒரே பிடிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதம். அலகைப் போல வில்லையும் கெட்டியாக்கினால் வளைய வேண்டிய வில் ஒடியும். அடுக்கடுக்காக இருக்கும் கருவிகள் ஒரே சீராக 'டக்' என்று நிற்கின்றன. ஒவ்வொன்றாக அராவிப் பொருத்தும் வேலையை இயந்திரத்தின் அளவுத் துல்லியம் எடுத்துக்கொண்டதால் வந்த சீர்மை அது. சிவப்புப் பிடி சீக்கிரம் கீறல் விழும், உண்மைதான். ரிவிட் தலைகளின் மேல் அழுத்திப் பொருத்தியதுதானே, எடுத்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம்.

வில்லையும் மெருகையும் மோப்பம் பிடிக்கிற எங்களைப் போன்றவர்கள் கோட்டைவிடும் குறை ஒன்று வெட்டுவாயிலேயே இருக்கும். தொழிற்சாலையில் கடைசிக் கூர் போடும்போது, ஈரமில்லாமல் வேகமாக ஓடும் பெல்ட்டில் அலகை வைத்தால், விளிம்பு மெல்லியது என்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறிவிடும். எஃகு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று எந்தக் கொல்லரும் சொல்வார். அடுத்த மேசையில் மெருகு போடும்போது நீலம் அழிந்துவிடும், பதம் திரும்பாது. வாங்கியவர் அட்டைப்பெட்டி நாலு கிழிப்பதற்குள் கூர் மழுங்கிப் போகிறது. எஃகு மட்டம் என்று சலித்துக்கொண்டு இழுப்பறையில் போட்டுவிடுகிறார். வெந்து போனது விளிம்பு மட்டும்தான். தண்ணீர் விட்ட கல்லில் பொறுமையாகத் தேய்த்து அந்த விளிம்பைக் கழித்துவிட்டால் உள்ளே நல்ல எஃகு காத்திருக்கும். நாலைந்து முறை தீட்டிய பிறகு கத்தி 'திடீரென்று' நன்றாகிவிட்டதாகச் சிலர் ஆச்சரியப்படுவதன் ரகசியம் இதுதான்.

இதைவிடத் தாமதமாக வெளிப்படும் குறையும் உண்டு. முத்துச்சிப்பி, ஆமையோடு என்று எதைப் போல வேண்டுமானாலும் செல்லுலாய்டில் பிடி செய்த காலம் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தச் செல்லுலாய்டு தானாகச் சிதைந்து அமில ஆவியை விடும். பக்கத்திலிருக்கும் அலகு துருவேறிப் பொரிந்துபோகும். புகார் சொல்லப் போனால் கம்பெனியே இருக்காது.

இப்போதைய கத்திகளில் தட்டி விரித்த ஆணி குறைந்து திருகாணி வந்துவிட்டது. அச்சாணித் தலையில் நட்சத்திரக் குழி, அதற்கென்று ஒரு டார்க்ஸ் சாவி. அலகு ஆடினால் நாமே இறுக்கிக்கொள்ளலாம் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். என்னிடம் இருக்கும் ஒன்றைக் கால் சுற்று இறுக்கினேன். ஆட்டம் நின்றது, அலகும் நின்றது. கொஞ்சம் திருப்பிவிட்டேன், அலகு தாராளமாக வந்தது, வந்த வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்து தகட்டை உரசியது. நடுவில் ஏதோ ஓர் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அந்த இடத்தில் திருகாணி நிற்க மாட்டேன் என்றதால் அதற்கு ஒரு பசை வாங்கினேன். ஷெஃபீல்டில் இந்த வேலைக்குப் பொருத்துபவர் கூலி வாங்கினார். என் கூலியைக் கத்தி விலையில் கழித்திருக்கிறார்களா என்று கேட்டு அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன்.